நெற்றிக்காசில் என் அழுகை

என்னைச் சீட்டக்கா என்று கூப்பிடுகிறவர்களுக்கு நான் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதில்லை. துணியை மடித்து அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் தையல் கடை இருக்கிறது. யுவராணி டைலர்ஸ் என்று போர்டே எழுதி மாட்டியிருக்கிறேன். கண் தெரிந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

இந்தப் பட்டப்பெயர் ஒரு சினிமாவால் வந்த வினை. படத்தின் பெயர் நெற்றிக்காசு. ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லியே காலத்தைத் தள்ளிய ஒரு பெரிய மனிதர் செத்துப்போகிறார். செத்தவர்கள் நெற்றியில் காசு வைப்பது நம் வழக்கம் இல்லையா, இவர் தன் நெற்றியில் தங்கக் காசுதான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார். அப்படியே வைக்கிறார்கள். அதற்கப்புறம்தான் வேடிக்கை. அண்ணன் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுது, "காசா பெருசு? மனுசன்தான் பெருசு" என்று சொல்லிவிட்டு, தங்கக் காசை எடுத்துக்கொண்டு பத்து ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போகிறார். தங்கை பத்தை எடுத்துக்கொண்டு ஐந்தை வைக்கிறாள். வாத்தியார் ஐந்தை எடுத்துக்கொண்டு ஒரு ரூபாயை வைக்கிறார். எடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு நீதி சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார்கள். கடைசியில் அந்தக் காசு குழி வெட்டுகிறவருக்குச் சேர வேண்டியது. அவர் எடுத்துப் பார்த்தால், சோடா மூடி. "பெரிய மனுசன்பா. போற போக்குல எனக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் மண்ணைத் தள்ளுவதோடு படம் முடிகிறது.

தியேட்டரில் வந்தபோது அதைச் சீந்துவார் இல்லை. லாக்டவுனில் ஜனங்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்களே, அப்போது யாரோ போனில் பார்த்து, இன்னொருவருக்குச் சொல்லி, காட்டுத் தீயாகப் பிடித்துக்கொண்டது. இப்போது சனி ஞாயிறு ஆனால் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் பிள்ளைகள் பைக்கில் வருகிறார்கள். நெற்றியில் சோடா மூடியை ஒட்டிக்கொண்டு எங்கள் உப்பளத்து வரப்பில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றவர்கள் பார்த்தால் வயிறு எரியும்.

அந்தப் படத்தில் பிணமாக நடித்தவர் எங்கள் வீட்டுக்காரர். பெயர் பாவாடை. பட்டணத்துப் பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பாவாடைராயன் சாமி பெயர் அது, சிரித்துவிட்டுப் போகட்டும். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை அவருக்கு. விடிவதற்கு முன்னாலேயே போய்விடுவதால் மத்தியானம் சோறு தின்றதும் எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே சாய்ந்து தூங்கிவிடுவார். அப்படித்தான் ஒருநாள் உப்புக் கொட்டகை நிழலில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து, பிணமாக நடிக்க ஏற்பாடு செய்திருந்த ஆள், வீட்டில் அபசகுனம் என்று விடவில்லையாம், வராமல் போய்விட்டான். டைரக்டர் கௌதமன் தலையில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்தவர் இவரைப் பார்த்திருக்கிறார். ஈ மொய்த்தாலும் அசையாமல் கிடக்கிறாரே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். தட்டி எழுப்பி, செத்துக் கிடக்க வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். இவரும் சரி என்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் விடுவேனா?

படம் பிடிக்கிறவர்கள் கீழ்புத்துப்பட்டில் இருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். உப்பளத்துக்கு வந்தது தெரியாது. எங்கள் தெரு ஜான்சி உப்பளத்துக்கு வேலைக்குப் போனவள், மேளச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் கண்ணுக்குக் கேமரா படவில்லை. மாலையும் பாடையும் இவர் முகமும்தான் பட்டது. அங்கிருந்தே ஓடி வந்தாள்.

"யுவராணி, ஓடியாடி! உன் வீட்டுக்காரரைப் படுக்க வெச்சிட்டாங்கடி, நெத்தியில காசு வெச்சிட்டாங்கடி!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். எந்த வழியாக ஓடினேன், யாரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. மேலே விழுந்து அழுதேன் என்பது தெரியும். யாரோ "கட்" என்றார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்தது. நான் ஓங்கி ஒரு அறை விட்டேன், மாலை அறுந்து பூவெல்லாம் கொட்டியது.

"தூங்கிட்டேன் யுவா. சத்தியமா எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

தூங்கினாரென்றால் அவருக்கு இடி இறங்கினாலும் கேட்காது, நான் நம்பிவிட்டேன். கௌதமன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா அழுததை அப்படியே படத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டார். இந்தப் படத்தை எவன் பார்க்கப் போகிறான் என்ற நினைப்பில், என்னவோ செய்து தொலை என்றேன்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். அப்போதுதான் நாங்கள் சீட்டு எடுத்துத் தையல் மிஷின் வாங்கியிருந்தோம். மாதா மாதம் கட்ட வேண்டியது பாக்கி இருந்தது. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான். "அய்யோ, சீட்டுப் பணம் யாருய்யா கட்டுவா!" என்று அலறியிருக்கிறேன். படம் முழுக்க ஜனங்கள் பொய்யாக அழுதுவிட்டுக் காசைத் தூக்குகிறார்கள். நான் ஒருத்தி நிஜமாக அழுதேன், நானும் காசைத்தான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். சம்பளம் தீர்ந்துபோனால் என் அழுகை, மேட்ச் தோற்றால் என் அழுகை, தேர்தலில் டெபாசிட் போனால் அதற்கும் என் அழுகை. ரிங்டோன்கூட வைத்திருக்கிறார்கள். கிளியனூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "புருஷன் போனாலும் சீட்டு போவக் கூடாது, இல்லக்கா?" என்றாள். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சோற்றுக்குக் கஷ்டம் இல்லை, கடையில் வேலை இருக்கிறது, அவர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். இருந்தாலும் இந்த ஒரு முள் மட்டும் உள்ளே தைத்துக்கொண்டே இருந்தது. புருஷன் பிணமாகக் கிடக்கிறான் என்று நம்பிய நேரத்தில் பெண்டாட்டி சீட்டைத்தான் நினைத்தாள் என்றால், அவள் எப்படிப்பட்டவள்? ஊர் சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அவர் மனதில் என்ன நினைக்கிறாரோ என்பதுதான் என்னைத் தின்றது. அவர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் படத்தை நான் பார்த்ததும் இல்லை. மாலையும் காசுமாகப் புருஷனை இன்னொரு முறை பார்க்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

போன மாதம் கௌதமன் என் கடைக்கே வந்தார். ஆள் இளைத்திருந்தார், தாடியில் நரை. படம் வந்து பத்து வருஷம் ஆகிறதாம், மரக்காணம் கல்யாண மண்டபத்தில் ரசிகர்களே திரை கட்டிப் போடுகிறார்களாம்.

"நீங்களும் அண்ணனும் கட்டாயம் வரணும்மா."

"வர்றேன். ஆனா ஒண்ணு. நான் அழுவுற அந்த இடத்த வெட்டிடணும். வெட்டிட்டேன்னு அங்கயே மைக்குல சொல்லணும்."

அவர் என் மிஷினையே பார்த்தார். "நீங்க படத்தைப் பாத்திருக்கீங்களாம்மா?"

"அந்தத் துண்டு ஒண்ணு போதாதா? அதான் ஊரே பாக்குதே."

"முழுசா ஒரு தடவை பாருங்க. பாத்துட்டு வெட்டுன்னு சொன்னா, எனக்கு எவ்ளோ நஷ்டம் வந்தாலும் வெட்டிடறேன். இது என் வாக்கு."

சினிமாக்காரன் வாக்கு தண்ணீரில் எழுதினதுதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, "போவலாம்" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் எல்லார் நெற்றியிலும் ஒரு சோடா மூடி ஒட்டினார்கள். என்னிடம் ஒரு பிள்ளை மூடியை நீட்டினான். நான் பார்த்த பார்வையில் தானாகவே பின்வாங்கிவிட்டான். மேடையில் பெரிய பேனர், 'பணமா? குணமா?' என்று கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே, நகைக் கடனுக்குக் குறைந்த வட்டி என்று ஒரு விளம்பரம். உப்பள முதலாளி சக்கரபாணிதான் தலைமை. படத்தில் தங்கக் காசைத் தூக்குகிற அண்ணனாக நடித்தவர் அவர். அந்தக் காட்சி எடுத்து முடித்த பிறகு முலாம் பூசின காசு காணாமல் போய், எல்லார் பையையும் தேடி, கடைசியில் அவர் வேட்டி மடிப்பிலிருந்து கிடைத்தது. கேரக்டருக்குள்ளேயே போய்விட்டேன் என்றாராம். அவர் நேர்மையைப் பற்றி நெடுநேரம் பேசினார். எங்கள் வீட்டுக்காரர் கைதட்டினார், அவரிடம்தானே கூலி வாங்குகிறார்.

விளக்கை அணைத்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். திரையில் அவர் மாலையோடு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர் கையைத் தடவிப் பார்த்தேன். சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். வாத்தியார் காசு எடுக்கிற இடத்தில் எனக்குப் புரையேறிவிட்டது.

அப்புறம் நான் வந்தேன். தலை விரிந்து, முந்தானை நழுவி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வருகிறேன். மண்டபம் முழுக்க ஒரே விசில். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "அய்யோ, சீட்டுப் பணம் யாருய்யா கட்டுவா!" எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன்.

ஆனால் சிரிப்பு சட்டென்று நின்றது. யாரும் அதட்டவில்லை, தானாகவே நின்றது. இனி வருவது அவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

திரையில் நான் சொல்கிறேன்: "நான் கட்டிடறேன்யா. மிஷினை வித்துக் கட்டிடறேன். அந்தக் கவலைய வெச்சிக்கிட்டுப் போவாத. நீ எந்திரி, அது போதும்." அப்புறம் அவர் நெற்றியைப் பார்க்கிறேன். "யாரு வெச்சது இத? ஒடம்பு இன்னும் சூடா இருக்குது, அதுக்குள்ள காசு வெச்சிட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே காசைப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் வீசுகிறேன். பாத்தியில் டப்பென்று விழுகிறது. சுற்றி நிற்கிற நடிகர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறார்கள். நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குப் பின்னால் ஒருவர் மெதுவாக வந்து, வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, கீழே கிடந்த சோடா மூடியை எடுத்து வைக்கிறார்.

சோடா மூடி அப்படித்தான் வந்திருக்கிறது. எனக்கு இதெல்லாம் சொன்ன ஞாபகமே இல்லை. மிஷினை விற்றுக் கட்டுகிறேன் என்று நானா சொன்னேன்? நான்தான். என் குரல்தான். இத்தனை வருஷம் என் நெஞ்சில் கிடந்த பாறை அங்கே நகர்ந்தது. நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. மனிதர்கள் படத்தில் பாதியை வெட்டிவிட்டு மீதியைப் பார்த்துத்தான் நம்மை எடை போடுகிறார்கள், நானும் என்னை அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

அந்தக் கண்ணீருக்கு நடுவில்தான் அதைப் பார்த்தேன். கேமரா அவர் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் குனிந்து தேய்க்கிறேன், என் முகம் தெரியவில்லை. அவர் கால் விரல்கள் திரையில் இவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன. பத்து விரலும் உள்ளே மடங்கி இறுகியிருக்கின்றன. உப்பளத்துக்காரர்களுக்குப் பாதமெல்லாம் வெடிப்பு. வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறினால் அவர் வாயைத் திறந்து ஒரு முனகல் முனக மாட்டார், விரல்களை மடக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்வார். வலியை அடக்குகிற கால் அது. தூங்குகிற கால் இல்லை.

பிடித்திருந்த கையை விட்டேன். எழுந்து வெளியே நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். மண்டபத்துக்குப் பின்பக்கம், சாப்பாட்டு அண்டாக்களைக் கழுவுகிற இடத்தில் யாரும் இல்லை.

"யோவ், நீ தூங்கல."

அவர் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அவ்ளோ கதறினது உனக்குக் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே கெடந்திருக்கே. நான் செத்துப்போயிருந்தா என்னய்யா பண்ணியிருப்பே?"

"கேட்டுச்சு யுவா." குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "கட் சொல்ற வரைக்கும் அசையாம கெடந்தா டபுள் பேட்டா தர்றோம்னாங்க. அசைஞ்சா ஷாட்டு கெட்டுடும், ஒண்ணும் கெடையாதுன்னாங்க. நீ வந்ததும் எந்திரிக்கத்தான் பாத்தேன். அப்பதான் சீட்டு யாரு கட்டுவான்னு கேட்டே. அந்த மாசம் கையில ஒண்ணும் இல்லாம நீ ராத்திரியெல்லாம் பொரண்டது எனக்குத் தெரியாதா? மிஷினை விக்கறேன்னு வேற சொன்னியா... இன்னும் கொஞ்ச நேரம் செத்துக் கெடந்தா மிஷின் தப்பிச்சிடும்னு தோணுச்சு. கெடந்துட்டேன்."

பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் பிணம் பணத்துக்காக வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறது.

"அப்புறம் ஏன்யா தூங்கிட்டேன்னு பொய் சொன்னே?"

"காசுக்காவ உன்ன அழ விட்டேன்னு எப்படிச் சொல்றது? என்ன மனுசன்னு நெனைப்பே?"

எனக்கு அவரை இன்னொரு அறை விட வேண்டும்போல இருந்தது. கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. ஆக, நான் எப்படிப்பட்டவளோ என்று நானும், தான் எப்படிப்பட்டவனோ என்று அவரும், ஒரே பாயில் படுத்துக்கொண்டு இத்தனை காலம் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். எங்களை மாதிரிக் கூமுட்டைகளை எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அண்டா மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். அவர் முதலில் பயந்தார், அப்புறம் அவரும் சிரித்தார்.

உள்ளே கைதட்டல் கேட்டது. படம் முடிந்து எங்களைத் தேடுகிறார்கள் என்று ஜான்சி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கௌதமன் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்டதையும் தான் கொடுத்த வாக்கையும் எல்லார் முன்னாலும் சொன்னார். கூட்டம் "வேணாம், வேணாம்" என்று கத்தியது. அவர் கையை உயர்த்தி அடக்கிவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார். "சொல்லுங்கம்மா. வெட்டிடட்டுமா?"

அத்தனை பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் எங்கள் வீட்டுக்காரர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் தம்பி, இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரு கால் வெரலு அந்த எடத்துலதான் நல்லாத் தெரியுது. அத யாரும் வெட்டிடாதீங்க" என்றேன்.

ஒருவருக்கும் புரியவில்லை. புரியாவிட்டாலும் கைதட்டினார்கள், சினிமா ரசிகர்கள் அல்லவா. அவர் மட்டும் கைதட்டாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்த பிறகு வண்டியில் கிளம்பினோம். உப்பளத்துப் பக்கம் திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பாமலேயே கேட்டார்.

"அப்போ நான் நல்லாத்தான் நடிச்சிருக்கேன், இல்ல?"

"கேவலமா நடிச்சிருக்கே. பொண்டாட்டி அழுவுறதக் கேட்டு எந்தப் பொணம்யா வெரல மடக்கும்?"

அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். நான் அவர் முதுகில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.